திறமூல மென்பொருளின் வளர்ச்சியை அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திறமூல மென்பொருள் (நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் உரிமம் தரும் மென்பொருள்) வேகமாக வளர்கிறது என்கிறார்கள். எதை அளந்து அப்படிச் சொல்கிறார்கள்?

ஆளுக்கு ஒன்றை அளக்கிறார்கள். ஒருவர் நிரல்வரிகளை எண்ணுவார், இன்னொருவர் களஞ்சியங்களை (நிரல்கோப்புகளையும் அவற்றின் மாற்ற வரலாற்றையும் வைத்திருக்கும் இடங்களை) எண்ணுவார். கமிட்டுகள் (களஞ்சியத்தில் பதிவாகும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட்), பங்களிப்பாளர்கள், பதிவிறக்கங்கள், நட்சத்திரங்கள் (கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் பயனர்கள் இடும் விருப்பக்குறிகள்) என்று பட்டியல் நீளும். இவை எல்லாம் சேர்ந்தே ஏற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு திட்டத்தில் வரிகள் கூடிக்கொண்டே போகும்போது அதைப் பார்த்துக்கொள்பவர்கள் குறைந்துகொண்டே வரலாம். அதனால் வளர்ச்சி பற்றிய எந்தச் செய்தியைப் பார்த்தாலும், எது எண்ணப்பட்டது, எந்த இடத்தில் எண்ணப்பட்டது என்பதை முதலில் தேடிப் பிடியுங்கள். இரண்டும் சொல்லப்படவில்லை என்றால் அந்த எண்ணை எங்கும் மேற்கோள் காட்டாதீர்கள்.

மொத்த அளவு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது?

2008-இல் அமித் தேஷ்பாண்டேயும் டிர்க் ரீலேயும் ஓலோ என்ற தளம் திரட்டிய தரவை ஆராய்ந்தார்கள் (அந்தத் தளம் பிறகு ஓப்பன் ஹப் ஆனது). நிரல்வரிகளும் திட்டங்களும் ஏறத்தாழ 14 மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகின்றன என்பது அவர்கள் கண்டது. இந்த எண் பரவிய அளவுக்கு அதன் பொருளை யாரும் கணக்குப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. 14 மாதத்துக்கு ஓர் இரட்டிப்பு என்றால் பத்தாண்டில் சுமார் 380 மடங்கு. அந்த வேகம் நெடுங்காலம் தாங்காது.

2020-இல் சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் காப்பகத்தின் தரவை வைத்து வேறொரு குழு அளந்தது. 2016-இல் பிரான்சின் இன்ரியா நிறுவனம் தொடங்கிய இந்தக் காப்பகம், பொதுவெளியில் கிடைக்கும் மூலநிரல் அனைத்தையும் சேமிக்க முயல்கிறது. ஒரே கோப்பு ஆயிரம் இடங்களில் இருந்தாலும் அங்கே ஒன்றாகத்தான் கணக்காகும். நகல்களை நீக்கிப் பார்த்தபோது, புதிய கோப்புகள் 22 மாதத்துக்கும் புதிய கமிட்டுகள் 30 மாதத்துக்கும் ஒருமுறை இரட்டிப்பாவது தெரிந்தது. 30 மாதம் என்றால் பத்தாண்டில் 16 மடங்கு. 380 எங்கே, 16 எங்கே! இதற்கிடையில் 2017-இல் ஹாட்டன், ஸ்பினெல்லிஸ், வான் கெனுக்டன் மூவரும் தனித்தனித் திட்டங்களை நெடுங்கால அளவில் பார்த்து, ஒரு திட்டத்தின் நிரல்வரிகள் இரட்டிப்பாகச் சுமார் 42 மாதம் பிடிப்பதாகக் கண்டார்கள்.

மூன்றும் ஒன்றை ஒன்று பொய்யாக்கவில்லை. முதலாவது வளர்ந்துவந்த ஒரு பட்டியலின் மொத்தம், இரண்டாவது நகல் நீக்கிய உலகத்தொகை, மூன்றாவது தனித் திட்டத்தின் வேகம். உலகத்தொகை தனித் திட்டத்தைவிட வேகமாகப் பெருகுவது இயல்புதான், ஏனென்றால் பழைய திட்டங்கள் பெருப்பதோடு புதிய திட்டங்களும் பிறக்கின்றன. மூன்றையும் ஒரே வரைபடத்தில் போட்டு வேகம் குறைந்துவிட்டது என்று சொல்வதுதான் தவறு.

தொடக்க ஆண்டு எதுவாக இருந்தால் என்ன?

நிறைய மாறும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலையே எடுத்துக்கொள்வோம். 1991-இல் வந்த முதல் வெளியீட்டில் ஏறத்தாழ 10,000 வரிகள். 1994 மார்ச்சில் 1.0 வெளியானபோது சுமார் 1,76,000. 2025 ஜனவரியில் 4 கோடியைத் தாண்டியது. 1991-இலிருந்து கணக்கிட்டால் சராசரியாக 33 மாதத்துக்கு ஓர் இரட்டிப்பு வரும். 1994-இலிருந்து கணக்கிட்டால் 47 மாதம் ஆகிவிடும். தரவும் அதே, கணக்கும் அதே. குழந்தைப் பருவத்தின் வேகத்தைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் மட்டுமே இத்தனை வேறுபாடு.

நிரல்வரி எண்ணிக்கைக்கு இன்னும் மதிப்பு உண்டா?

உண்டு, ஆனால் அளவைக் காட்டும் எண்ணாக மட்டும். 2001-இல் டேவிட் வீலர் ரெட் ஹாட் லினக்ஸ் 7.1 என்ற முழு இயங்குதளத்தையும் எடுத்து எண்ணினார். 3 கோடிக்கும் மேற்பட்ட வரிகள் இருந்தன. இதைத் தனியுடைமை முறையில் எழுத 8,000 ஆள்-ஆண்டுகளும் 100 கோடி டாலருக்கு மேலும் ஆகியிருக்கும் என்று மதிப்பிட்டார். திறமூலம் என்பது பொழுதுபோக்கு வேலை என்று ஒதுக்கியவர்களை நிமிர்ந்து பார்க்கவைத்த எண் அது. எண்ணுவதற்காக அவர் எழுதிய எஸ்லாக்கவுன்ட் கருவியின் வழியில்தான் பின்னால் கிளாக், டோக்கெய் போன்றவை வந்தன.

ஆனால் வரி எண்ணிக்கை உழைப்பைச் சொல்லாது. லினக்ஸ் கெர்னலில் ஏஎம்டி கிராஃபிக்ஸ் டிரைவர் (அந்த வன்பொருளை இயக்கும் நிரல்) மட்டும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இடம் பிடித்திருந்த காலம் உண்டு. அதன் பெரும்பகுதி வன்பொருள் விவரங்களிலிருந்து கருவி தானாக உருவாக்கிய தலைப்புக் கோப்புகள். மறுபக்கம், 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பு தொகுப்புகளைப் பகிரும் என்பிஎம் பதிவகத்திலிருந்து விலக்கப்பட்டபோது உலகெங்கும் ஏராளமான திட்டங்களைக் கட்டியெழுப்ப முடியாமல் போனது. அது 11 வரி. இன்னொன்றும் மறந்துவிடக் கூடாது: நல்ல நிரலாளர்கள் வரிகளைக் குறைக்கவும் செய்கிறார்கள். 5,000 வரியை 800 வரியாக்கியவர் இந்த அளவுகோலில் சேதம் செய்தவராகத்தான் தெரிவார்.

கிட்ஹப்பில் உள்ள களஞ்சியங்களின் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. காரணங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, நகல்கள். 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, ஃபோர்க் (வேறொருவரின் களஞ்சியத்திலிருந்து எடுத்த நகல்) அல்லாத 45 லட்சம் திட்டங்களில் ஜாவா, சி பிளஸ் பிளஸ், பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் மொழிகளின் 42.8 கோடி கோப்புகளை ஒப்பிட்டது. தனித்துவமானவை 8.5 கோடி மட்டுமே. ஜாவாஸ்கிரிப்டில் நிலைமை இன்னும் மோசம்: நூற்றுக்கு ஆறு கோப்புகள்தான் தனித்தவை. சார்ந்திருக்கும் தொகுப்புகள் அனைத்தையும் தங்கள் களஞ்சியத்துக்குள்ளேயே கொட்டிவைக்கும் பழக்கம் அதற்கு முக்கியக் காரணம். ஃபோர்க்குகளை நீக்கிவிட்டோம், இனி நகல் இல்லை என்று நம்பி ஆய்வு செய்தவர்களுக்கு இது பேரதிர்ச்சியாக இருந்திருக்கும்.

இரண்டாவது, களஞ்சியம் என்பது திட்டம் அல்ல. 2014-இல் கிட்ஹப் தரவைத் தோண்டுவதன் ஆபத்துகளை ஆராய்ந்த குழு, மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானவை ஒரே ஒருவரின் தனிப்பட்ட களஞ்சியங்கள் என்று கண்டது. வகுப்புப் பயிற்சிகள், அமைப்புக் கோப்புகள், ஒரு வாரம் தொட்டுவிட்டு விட்டவை எல்லாம் அதில் அடக்கம். அவற்றை நான் குறைவாக நினைக்கவில்லை, பலர் கற்பது அப்படித்தான். ஆனால் அவற்றைப் போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளம் போன்ற ஒன்றோடு ஒன்றுக்கு ஒன்றாகக் கூட்டுவதில் அர்த்தமில்லை.

மூன்றாவதைப் பெரும்பாலானோர் கவனிப்பதே இல்லை: இடப்பெயர்ச்சி. கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கூகுள் கோட் 2015-இல் மூடலை அறிவித்து 2016 ஜனவரியில் முழுதாக நின்றது. கிட்டோரியஸ் 2015-இலும் மைக்ரோசாஃப்டின் கோட்பிளெக்ஸ் 2017-இலும் மூடப்பட்டன. அங்கிருந்த திட்டங்கள் கிட்ஹப்புக்கு வந்தபோது அவை கிட்ஹப் கணக்கில் புதுப் பிறப்புகள். பத்து வயதுத் திட்டம் ஒரே நாளில் பிறந்ததாகப் பதிவானது. நிறுவனத்தின் விதி மாறினாலும் எண் மாறும். 2019 ஜனவரி வரை இலவசக் கணக்கு வைத்திருந்தவர்கள் கிட்ஹப்பில் தங்கள் நிரலைப் பொதுவில்தான் வைக்க முடிந்தது. அந்த மாதம் தனிக் களஞ்சியங்கள் இலவசமாயின. அதற்கு முன்னும் பின்னும் உள்ள பொதுக் களஞ்சியங்களின் வளர்ச்சியை ஒரே கோட்டில் வைத்துப் பேசினால், மக்களின் மனமாற்றத்தையும் விலைப்பட்டியலின் மாற்றத்தையும் குழப்பிக்கொள்வோம்.

கமிட்டுகளை எண்ணலாமா?

ஒரே திட்டத்துக்குள், வேலைமுறை மாறாத காலத்துக்குள் என்றால் எண்ணலாம். திட்டங்களுக்கு இடையே ஒப்பிட வேண்டாம். ஒரு குழு நாற்பது சிறு கமிட்டுகளை இணைக்கும்போது ஒன்றாக அழுத்திச் சேர்க்கும், இன்னொரு குழு நாற்பதையும் அப்படியே வைத்துக்கொள்ளும். டிபெண்டபாட் போன்ற தானியங்கிக் கணக்குகள் பதிப்பு எண்ணை மாற்றியே ஆயிரக்கணக்கில் கமிட் செய்கின்றன. தேதியையும் நம்ப முடியாது. கணினியின் கடிகாரம் தவறாக இருந்தால் 1970-ஆம் ஆண்டுக் கமிட்டும் வரும், இன்னும் பிறக்காத ஆண்டின் கமிட்டும் வரும். எந்தப் பெரிய தரவுத்தொகுப்பைத் திறந்தாலும் இரண்டையும் பார்க்கலாம்.

நட்சத்திரங்கள்?

விடுங்கள். 2024-இல் ஓர் ஆராய்ச்சிக் குழு 40 லட்சத்துக்கும் மேற்பட்ட கிட்ஹப் நட்சத்திரங்கள் போலியானவை என்ற சந்தேகத்துக்கு உரியவை எனக் காட்டியது. காசுக்கு வாங்கக் கிடைக்கும் ஒன்று அளவுகோலாக இருக்க முடியாது.

பதிவிறக்க எண்ணிக்கை மேலானதா?

சற்று மேல். என்பிஎம்மிலும் பைத்தான் தொகுப்புகளின் பதிவகமான பைப்பிஐயிலும் பதிவாகும் பதிவிறக்கங்களில் பெரும்பங்கு, மனிதர் யாரும் அருகில் இல்லாமல் ஓடும் சோதனை இயந்திரங்களுடையது. ஒரு நிறுவனம் தன் சோதனைகளில் தற்காலிகச் சேமிப்பை இயக்கினால் அடுத்த வாரமே அந்தத் தொகுப்பின் எண்ணிக்கை சரியும், பயனர் ஒருவர்கூடப் போகாமலே. ஆனாலும் ஒரு தொகுப்பின் எந்தப் பதிப்பு எவ்வளவு எடுக்கப்படுகிறது என்ற விகிதம் பயனுள்ளது. பாதுகாப்பு ஓட்டை அடைக்கப்பட்ட பதிப்பு வந்து மாதங்கள் ஆன பிறகும் பழையதே பாதிக்கு மேல் எடுக்கப்படுகிறது என்றால், அது பராமரிப்பாளர் உடனே அறிய வேண்டிய செய்தி.

பதிவகங்களில் உள்ள தொகுப்புகளின் மொத்த எண்ணிக்கையை மட்டும் வளர்ச்சி என்று காட்டாதீர்கள். டீ என்ற திட்டம் திறமூலப் பங்களிப்புக்கு கிரிப்டோ டோக்கன் தருவதாகச் சொன்னதும், டோக்கனுக்காகவே ஆயிரக்கணக்கான வெற்றுத் தொகுப்புகள் என்பிஎம்மில் குவிந்தன.

எந்த உரிமம் அதிகம் பயன்படுகிறது?

களஞ்சியங்களை எண்ணினால் எம்ஐடி (பதிப்புரிமைக் குறிப்பை வைத்திருந்தால் போதும், மற்றபடி தாராளமாக விடும் உரிமம்). 2015-இல் கிட்ஹப் தானே வெளியிட்ட கணக்கில், உரிமம் கண்டறியப்பட்ட களஞ்சியங்களில் சுமார் 45 விழுக்காடு எம்ஐடி. அதற்குப் பிறகும் அதன் முதலிடம் அசையவில்லை. அப்பாச்சி 2.0-உம் ஜிபிஎல் (மாற்றிப் பகிர்ந்தால் அதையும் இதே உரிமத்தில் தரச் சொல்லும் உரிமம்) பதிப்புகளும் பின்னால் வருகின்றன.

ஆனால் அலகை மாற்றினால் விடையும் மாறும். வரிகளை எடையாக வைத்தால் லினக்ஸ் கெர்னல் ஒன்றே ஜிபிஎல் 2-இன் பக்கம் 4 கோடியைச் சேர்க்கும். எத்தனை கருவிகளில் ஓடுகிறது என்று பார்த்தால் எஸ்கியூலைட் கிட்டத்தட்ட எல்லாக் கைபேசிகளிலும் இருக்கிறது. அதற்கு உரிமமே இல்லை, எழுதியவர்கள் பதிப்புரிமையையே விட்டுக்கொடுத்து யாவருக்கும் பொதுவாக்கிவிட்டார்கள். களஞ்சியக் கணக்கில் அது வெறும் ஒன்று.

இன்னொரு சிக்கல், எழுதியவர் எண்ணித் தேர்ந்த உரிமமா, கருவி இட்டுத் தந்ததா என்பது. புதுத் தொகுப்பைத் தொடங்கும்போது என்பிஎம் நெடுங்காலமாக ஐஎஸ்சி என்ற உரிமத்தைத் தானாகவே நிரப்பித் தந்தது. என்பிஎம்மில் ஐஎஸ்சி அத்தனை இருப்பதற்கு அதுதான் காரணம், அந்த உரிமத்தின் மேல் திடீரென்று பிறந்த காதல் அல்ல. ரஸ்ட் மொழியிலோ எம்ஐடி அல்லது அப்பாச்சி 2.0, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம் என்று இரட்டை உரிமம் தருவது வழக்கம். அதை எம்ஐடி கணக்கில் சேர்ப்பதா, அப்பாச்சியிலா, இரண்டிலுமா? இரண்டிலும் சேர்த்தால் மொத்தம் நூறைத் தாண்டும். அளப்பவர் எதைச் செய்தார் என்று சொன்னால்தான் அவர் தரும் விழுக்காட்டுக்குப் பொருள் உண்டு.

கண்டறியும் முறையும் இரண்டு வகை. கிட்ஹப் களஞ்சியத்தின் உச்சியில் உள்ள உரிமக் கோப்பை மட்டும் பார்த்து, தெரிந்த வாசகங்களோடு ஒப்பிடுகிறது. ஸ்கேன்கோடு, ஃபாசாலஜி போன்ற கருவிகள் ஒவ்வொரு கோப்பின் தலைப்பையும் வாசிக்கின்றன. உச்சியில் எம்ஐடி என்று இருக்க, உள்ளே ஓர் அடைவில் ஜிபிஎல் நிரல் இருப்பது அபூர்வம் அல்ல. எஸ்பிடிஎக்ஸ் குறியீடுகள் (உரிமத்தின் பெயரைச் சீராகக் குறிக்கும் சிறு குறிகள்) இந்த வேலையைப் பெரிதும் எளிதாக்கியிருக்கின்றன. லினக்ஸ் கெர்னல் 2017 இறுதியிலிருந்து கோப்புக்குக் கோப்பு ஒற்றை வரியில் இக்குறியீட்டைச் சேர்த்துவருகிறது, 2021-இல் எஸ்பிடிஎக்ஸ் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. உங்கள் திட்டத்தில் இன்னும் சேர்க்கவில்லை என்றால் இன்றே சேர்த்துவிடுங்கள்.

உரிமம் எதுவும் குறிக்கப்படாத களஞ்சியம் திறமூலம்தானா?

அல்ல. உரிமம் இல்லை என்றால் பதிப்புரிமை முழுவதும் எழுதியவரிடமே இருக்கிறது, பார்க்கலாம் என்பதால் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று ஆகாது. மேலே சொன்ன 2015-ஆம் ஆண்டுக் கணக்கில் உரிமம் இருந்த களஞ்சியங்கள் ஐந்தில் ஒன்றுகூட இல்லை.

ஜிபிஎல் தேய்ந்துவருகிறதா?

பங்கு குறைந்திருக்கிறது. அதைத் தேய்வு என்று சொல்லத் தயங்குகிறேன். வெறும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: 100 திட்டங்கள் இருந்த காலத்தில் 60 ஜிபிஎல். பின்னால் 1,000 ஆனபோது 250 ஜிபிஎல். பங்கு 60 விழுக்காட்டிலிருந்து 25-க்கு விழுந்துவிட்டது, எண்ணிக்கையோ நான்கு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

2010-களின் தொடக்கத்தில் இதுபற்றிக் கடும் விவாதம் நடந்தது. பிளாக் டக் நிறுவனத்தின் தரவு ஜிபிஎல் குறைவதாகக் காட்டியது, அந்தத் தரவைத் திரட்டிய முறையை வெளியில் உள்ளவர்கள் சரிபார்க்க முடியாது என்று எதிர்த்தரப்பு சொன்னது. டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டின் தொகுப்புகளை எண்ணியவர்களுக்கு ஜிபிஎல் குடும்பமே பெரும்பான்மையாகத் தெரிந்தது. யார் வேண்டுமானாலும் திரும்பச் செய்து பார்க்கக் கூடிய அளவீட்டையே நான் நம்புவேன், அது எனக்குப் பிடிக்காத விடையைத் தந்தாலும்.

உரிமத்தை நடுவில் மாற்றிக்கொள்ளும் திட்டங்களை எப்படிக் கணக்கிடுவது?

தேதியோடு. மோங்கோடிபி 2018 அக்டோபரிலும் எலாஸ்டிக்சர்ச் 2021-இலும் டெராஃபார்ம் 2023 ஆகஸ்ட்டிலும் ரெடிஸ் 2024 மார்ச்சிலும் திறமூல வரையறைக்குள் வராத உரிமங்களுக்கு மாறின. பிறகு எலாஸ்டிக்சர்ச் 2024-இலும் ரெடிஸ் 2025-இலும் ஜிபிஎல் குடும்பத்தைச் சேர்ந்த ஏஜிபிஎல்லை ஒரு தெரிவாகச் சேர்த்துத் திரும்பி வந்தன. இடைப்பட்ட காலத்தில் ஓப்பன்சர்ச், ஓப்பன்டோஃபு, வால்கீ ஆகியவை முறையே எலாஸ்டிக்சர்ச், டெராஃபார்ம், ரெடிஸ் ஆகியவற்றின் பழைய உரிமம் கொண்ட கடைசிப் பதிப்பிலிருந்து கிளைத்துவிட்டன. இன்றைய நிலையை மட்டும் வைத்து எண்ணினால் ரெடிஸ் என்றுமே திறமூலமாக இருந்ததுபோலத் தோன்றும். பழைய பதிப்புகளின் உரிமத்தை யாரும் பின்னோக்கித் திரும்பப் பெற முடியாது என்பதால் அவற்றையும் தனியே பதிவு செய்ய வேண்டும்.

நிரல்மொழிகளின் தரவரிசைகள் ஏன் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன?

வெவ்வேறு ஆட்களின் வெவ்வேறு செயல்களை அளப்பதால். டியோபி பட்டியல் ஒரு மொழியின் பெயரோடு தேடுபொறிகளில் எத்தனை பக்கங்கள் கிடைக்கின்றன என்று பார்க்கிறது. பிஒய்பிஎல் அந்த மொழியின் பாடங்களை எத்தனை பேர் கூகுளில் தேடுகிறார்கள் என்று பார்க்கிறது. ரெட்மாங்க் கிட்ஹப்பையும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளத்தையும் இணைக்கிறது. கிட்ஹப்பின் ஆக்டோவெர்ஸ் அறிக்கை தன் தளத்துக்குள் நடப்பதைச் சொல்கிறது. ஒரு மொழியைக் கற்பவர்கள், அதில் திணறுபவர்கள், அதைப் பற்றி எழுதுபவர்கள், அதில் வேலை செய்பவர்கள் நால்வரும் ஒருவரே அல்ல.

அளவுகோலே நகர்வதும் உண்டு. 2004 ஏப்ரலில் டியோபியில் ஜாவாவும் சி பிளஸ் பிளஸ்ஸும் சட்டென்று சரிந்தன. கூகுள் தன் தேடல் முடிவுகளில் செயற்கையாக உயர்த்தப்பட்ட பக்கங்களைக் களைந்ததே காரணம் என்று டியோபி விளக்கியது. நிரலாளர்கள் யாரும் அந்த மாதம் ஜாவாவைக் கைவிடவில்லை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ கேள்விகளும் அப்படியே. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு அங்கே கேட்பது வெகுவாகக் குறைந்தது. அந்தத் தரவை எடையாக வைத்த எந்தத் தரவரிசையும் இப்போது வேறொன்றை அளந்துகொண்டிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு, எல்லா அளவுகோல்களும் ஒரே பக்கம் சாயும்போது அதை நம்பலாம். பைத்தானின் எழுச்சி அப்படிப்பட்டது. 2021 அக்டோபரில் டியோபியில் முதலிடம், 2024-இல் கிட்ஹப்பில் ஜாவாஸ்கிரிப்டைத் தாண்டி முதலிடம். 2025-இல் கிட்ஹப்பில் டைப்ஸ்கிரிப்ட் இரண்டையும் முந்தியது. இந்தக் கடைசிச் செய்தியில் கவனம் தேவை. டைப்ஸ்கிரிப்டுக்கு மாறியவர்களில் பெரும்பாலோர் ஜாவாஸ்கிரிப்டிலிருந்து வந்தவர்கள், ஓடுவதும் கடைசியில் ஜாவாஸ்கிரிப்டாகத்தான். இரண்டையும் ஒரு குடும்பமாகக் கூட்டுவதா தனியே நிறுத்துவதா என்பதைப் பொறுத்துக் கதை மாறும்.

ஒரு கோப்பு எந்த மொழியில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் கோப்பின் பின்னொட்டைப் பார்க்கிறார்கள், குழப்பம் இருந்தால் உள்ளடக்கத்தையும். டாட் எம் என்றால் ஆப்ஜெக்டிவ்-சியாகவும் இருக்கலாம், மேட்லேபாகவும் இருக்கலாம். டாட் பிஎல் பெர்லா ப்ரோலாகா? கிட்ஹப்பின் லிங்குவிஸ்ட் கருவி இவற்றைப் பிரித்தறிய முயல்கிறது, வெளியிலிருந்து கொண்டுவந்த நிரலையும் தானாக உருவான கோப்புகளையும் விலக்குகிறது, மீதியைப் பைட் அளவில் எண்ணுகிறது. பைட் அளவு என்பதால் ஜுபிட்டர் நோட்புக்குகள் (நிரலையும் அதன் விளைவையும் ஒன்றாக வைக்கும் கோப்புகள்) ஊதிப் பெருத்துத் தெரியும்: உள்ளே பதிந்திருக்கும் படங்களும் எழுத்தாகவே எண்ணப்படுகின்றன.

பின்னொட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல பாடம் ஒன்று இருக்கிறது. எந்த மொழியில் பிழைகள் அதிகம் என்று கிட்ஹப் தரவிலிருந்து சொன்ன 2014-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று பெரும் புகழ் பெற்றது. 2019-இல் வேறொரு குழு அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது, டைப்ஸ்கிரிப்ட் என்று எண்ணப்பட்டவற்றில் பல டைப்ஸ்கிரிப்டே அல்ல. கியூட்டி கட்டமைப்பின் மொழிபெயர்ப்புக் கோப்புகளும் அதே டாட் டிஎஸ் பின்னொட்டைப் பயன்படுத்துபவை. 2012-இல் அறிவிக்கப்பட்ட ஒரு மொழிக்கு அதற்கு முந்தைய ஆண்டுகளின் கமிட்டுகள் தரவில் இருந்தன. முடிவுகளில் பெரும்பகுதி மறுஆய்வில் நிற்கவில்லை. இரு குழுவுக்கும் நான் நன்றி சொல்வேன், முதல் குழு தன் தரவைப் பகிர்ந்ததால்தான் இரண்டாம் குழுவால் சரிபார்க்க முடிந்தது.

பட்டியலில் கீழே போன மொழி செத்துவிட்டதா?

இல்லை. அறிவியல் கணிப்புகளின் அடித்தளமான லாபேக் நூலகம் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டது. புதிய நிரல் குறைவாக எழுதப்படுவதும் பழைய நிரல் ஓடாமல் போவதும் வேறு வேறு.

திறமூலத்துக்குப் பண மதிப்பு போட முடியுமா?

முயன்றிருக்கிறார்கள். 2024-இல் ஹாஃப்மன், நேகிள், ஜோ மூவரும் ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் வழியே வெளியிட்ட மதிப்பீடு: பரவலாகப் பயன்படும் திறமூல மென்பொருளை ஒருமுறை மீண்டும் எழுத 415 கோடி டாலர் ஆகும். அதைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனக்குத் தானே எழுதிக்கொள்ள வேண்டியிருந்தால் 8.8 லட்சம் கோடி டாலர். இரண்டாவது எண்ணைவிட என்னை உலுக்கியது அதே ஆய்வின் வேறொரு வரி: அந்த மதிப்பில் 96 விழுக்காட்டை உருவாக்குபவர்கள் நிரலாளர்களில் 5 விழுக்காட்டினர்.

அப்படியானால் எதைத்தான் அளக்க வேண்டும்?

ஒரு திட்டத்தின் மேல் எத்தனை பேர் நிற்கிறார்கள், அதை எத்தனை பேர் தாங்குகிறார்கள் என்ற இரண்டையும் சேர்த்து. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, இணையத்தின் பாதுகாப்பில் பெரும்பகுதியைச் சுமந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்துக்கு முழுநேரமாக உழைத்தவர் ஒருவர்தான் என்பதை உலகம் அறிந்தது. நிரல்வரிகளும் பயன்பாடும் அதுவரை வளர்ந்துகொண்டேதான் இருந்தன. 2016-இல் கிட்ஹப்பின் 133 பிரபலமான திட்டங்களை ஆராய்ந்தவர்கள், 65 விழுக்காட்டில் இரண்டு பேரோ அதற்கும் குறைவானவர்களோ விலகினாலே திட்டம் தடுமாறும் என்று கணக்கிட்டார்கள். அளவீட்டில் எனக்கு அக்கறை வரக் காரணமே இதுதான். மொத்தத்தைப் பெருமையோடு வெளியிடும் ஒவ்வொரு அறிக்கையும் இந்த எண்ணையும் அருகிலேயே வெளியிட வேண்டும். 2017-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் கீழ் தொடங்கிய கேயாஸ் திட்டம் இப்படிப்பட்ட அளவுகோல்களை வரையறுத்துத் தருகிறது: ஒரு பிழை அறிக்கைக்கு முதல் பதில் வர எத்தனை நாள், புதிதாக வந்தவர்களில் எத்தனை பேர் மறுபடி வந்தார்கள் என்பவை போல.

இவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. எக்ஸ்இசட் சுருக்க நூலகத்தில் ஒருவர் ஈராண்டுக்கு மேல் ஒழுங்காகப் பங்களித்து, களைத்துப்போன பராமரிப்பாளரிடம் நம்பிக்கை பெற்று, பொறுப்பையும் பெற்று, கடைசியில் பின்கதவு ஒன்றைப் புகுத்தினார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், உள்நுழைவு சற்றுத் தாமதமாவதைக் கவனித்துத் தோண்டியதால்தான் அது பிடிபட்டது. பின்கதவு நுழைவதற்கு முந்தைய மாதம் வரை எந்த அளவுகோலில் பார்த்திருந்தாலும் அந்தத் திட்டம் புத்துயிர் பெற்றதாகவே தெரிந்திருக்கும்.

செயற்கை நுண்ணறிவு எழுதும் நிரல் இந்தக் கணக்குகளை என்ன செய்யும்?

வரிகளையும் கமிட்டுகளையும் மலிவாக்கும். எது மனிதர் எழுதியது என்று நிரலைப் பார்த்து உறுதியாகப் பிரிக்கும் வழி கிடையாது. 2022-க்கு முந்தைய வரி எண்ணிக்கையையும் பிந்தையதையும் ஒரே வேகக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. மாற்றத்தை வாசித்து, சரி என்று ஏற்றுக்கொள்ளும் மனித நேரம் மட்டும் மலிவாகவில்லை. ஒரு மாற்றக் கோரிக்கை எத்தனை நாள் காத்திருக்கிறது என்ற எண் இனி நிரல்வரியைவிட அதிகம் சொல்லும்.

நானே சிறிதாக ஓர் அளவீடு செய்துபார்க்க விரும்புகிறேன். எங்கே தொடங்கலாம்?

நீங்கள் நம்பியிருக்கும் ஒரே ஒரு திட்டத்தில். அதன் களஞ்சியத்தை முழு வரலாற்றோடு இறக்கிக்கொள்ளுங்கள். களஞ்சியங்களை நிர்வகிக்கும் கிட் கருவியில் உள்ள ஷார்ட்லாக் கட்டளை, யார் எத்தனை கமிட் செய்தார்கள் என்பதை நொடியில் தரும். அதை ஆண்டுவாரியாகப் பிரித்து, தானியங்கிக் கணக்குகளை நீக்கி, ஒரே ஆள் இரண்டு மின்னஞ்சலில் இருப்பதைச் சேர்த்துவிடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் பாதிக் கமிட்டுகளுக்கு எத்தனை பேர் பொறுப்பு என்று பாருங்கள். அந்த எண் ஐந்திலிருந்து ஒன்றாக வந்திருந்தால், அந்த ஒருவருக்கு எழுதி என்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள். ஒரு மொழியையோ உரிமத்தையோ பற்றிப் பெரிதாக அளக்க வேண்டும் என்றால், 2011-இலிருந்து கிட்ஹப்பின் பொது நிகழ்வுகளைத் திரட்டிவரும் ஜிஹெச் ஆர்க்கைவும், நகல் நீக்கிய சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் தரவும் இலவசமாகக் கிடைக்கின்றன. முடிவை வெளியிடும்போது தரவு எடுத்த தேதி, கருவியின் பதிப்பு, நீக்கியவற்றின் பட்டியல் மூன்றையும் வரைபடத்தின் அடியிலேயே எழுதுங்கள், எண்ணிய நிரலையும் ஓர் உரிமத்தோடு வெளியிடுங்கள்.